கால் தூங்கின மாதிரி இருக்கு சார்

அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக 22 ஆண்டுகள். அதில் பாதிக்கு மேல், பிள்ளைகளைக் குதிக்க விடுவதற்கு முன் தரையில் வரிசையாக உட்கார வைத்து, கால் விரலைத் தொடச் சொல்லி, 30 வரை சத்தமாக எண்ணியிருக்கிறேன். ஒரு காலுக்கு இரண்டு முறை. அது முடிந்தால் கெண்டைக்கால், அப்புறம் இடுப்பு. எனக்குச் சொல்லித்தந்தவர்கள் அப்படித்தான் செய்தார்கள். ஏன் என்று நான் கேட்டதில்லை.

ஒரு குறுவட்டப் போட்டியில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் நீளம் தாண்டுதலில் இறங்கினான். அவனைவிட எனக்குத்தான் படபடப்பு. வழக்கத்தைவிட அதிக நேரம் காலை இழுக்க வைத்தேன். மூன்று முறை தாண்டினான். ஒன்றுகூடப் பயிற்சியில் தாண்டிய தூரத்தின் பக்கத்தில் வரவில்லை. "கால் தூங்கின மாதிரி இருக்கு சார்" என்றான். "சாக்குச் சொல்லாதேடா" என்று அதட்டி அனுப்பிவிட்டேன். ஆனால் அந்த வார்த்தை மண்டைக்குள்ளேயே கிடந்தது.

ஆய்வுக்கூடத்துக்கு எங்கே போவது? விரலில் சாக்பீஸ் பொடி தடவிக்கொண்டு சுவரோரம் குதிக்கும் பழைய சோதனைதான். நின்றபடி எட்டும் உயரத்துக்கும் குதித்து எட்டும் உயரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அளப்பது. வாலிபால் பிள்ளைகளை ஒரு நாள் என் பழைய முறைப்படி உட்கார்த்தி நீட்டிவிட்டுக் குதிக்கச் சொன்னேன். மறுநாள் மெல்லோட்டம், காலை முன்னும் பின்னும் வீசுவது, முழங்காலை நெஞ்சுவரை தூக்கி நடப்பது, எட்டி வைத்துத் தாழ்வது என்று உடம்பை அசைத்துக்கொண்டே தயாராக்கினேன். முதல் நாளைவிடப் பலருக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கூடியது. சிலருக்கு மாற்றமே இல்லை. இதை ஆராய்ச்சி என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் வாலிபால் வலைக்கு மேலே ஒரு சென்டிமீட்டர் என்பது எதிரணி கைநீட்டித் தடுக்கும் பிளாக்கில் பந்து மாட்டுவதற்கும் தப்புவதற்கும் உள்ள தூரம்.

அதற்குப் பிறகுதான் படிக்கவே ஆரம்பித்தேன். 2016-இல் வந்த ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பின்படி, அசையாமல் இழுத்துப் பிடித்தால் உடனடித் திறன் சராசரியாக 3.7 சதவீதம் குறைகிறது. அசைந்தபடி நீட்டினால் 1.3 சதவீதம் கூடுகிறது. துணைக்கு ஒருவர் காலைப் பிடித்துக்கொள்ள, அவரை எதிர்த்துத் தசையை இறுக்கிவிட்டு நீட்டுவார்களே, பி.என்.எஃப். முறை, அதில் 4.4 சதவீதம் குறைகிறது. என்னை உறுத்தியது இன்னொரு கணக்கு. ஒரு தசையை 60 நொடிக்குக் குறைவாகப் பிடித்தால் இழப்பு 1.1 சதவீதம்தான். 60 நொடியும் அதற்கு மேலும் என்றால் 4.6. முப்பது முப்பதாக இரண்டு முறை நான் எண்ணியது சரியாக 60!

காரணம் பெரும்பாலும் நரம்பில் இருக்கிறது. நெடுநேரம் இழுத்துப் பிடித்த தசைக்குப் போகும் கட்டளை கொஞ்ச நேரம் மங்கிவிடுகிறது. தசையும் தசைநாணும் தளர்ந்துபோவதாலும் இருக்கலாம் என்கிறார்கள். உண்டிவில்லின் ரப்பர் தொய்ந்தால் கல் எவ்வளவு தூரம் போகும்? கனடாவில் 2000-இல் வந்த ஓர் ஆய்வில் கெண்டைக்காலை அரை மணி நேரம் நீட்டிப் பார்த்தார்கள். வலு உடனே 28 சதவீதம் இறங்கியது, ஒரு மணி நேரம் கழித்தும் 9 சதவீதம் குறைவாகவே இருந்தது. எந்தக் கோச்சும் அரை மணி நேரம் இழுக்க மாட்டார்தான். பையன் சொன்ன 'தூக்கம்' அந்த ஆய்வில் எண்ணாக இருந்தது, அவ்வளவுதான்.

அதற்காக உட்கார்ந்து நீட்டுவதை நான் ஒழித்துக்கட்டவில்லை. கால் இறுகிப்போன பிள்ளைக்கு 15 நொடி, 20 நொடி பிடிக்கச் சொல்வேன். உடனே எழுப்பி ஓடவிட்டு, சின்னச் சின்னக் குதிகளாகக் குதிக்க வைப்பேன். இழந்தது அதிலேயே பெரும்பாலும் திரும்பிவிடுகிறது. நிதானமான நீட்டலெல்லாம் மாலையில், பயிற்சி முடிந்த பிறகு. வெட்டி வெட்டி இழுத்துக் கால் விரலைத் தொடும் பழைய வித்தையை மட்டும் சின்னப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டேன்; பலன் எனக்குத் தெரிந்ததைவிட முனகல்தான் அதிகம் கேட்டது.

தலைமை ஆசிரியருக்கு இது பிடிக்கவில்லை. "முன்னாடி எவ்வளவு ஒழுங்கா வரிசையா உட்கார்ந்திருப்பாங்க, இப்ப ஆளாளுக்குக் காலை வீசிட்டுத் திரியுறாங்களே சார்" என்றார். சாக்பீஸ் தடம் பதிந்த சுவரைக் காட்டினேன். சுவரை யார் வெள்ளையடிப்பது என்று கேட்டார். ஆண்டு விழாவில் சிறப்பு விருந்தினர் வரும்போது மட்டும் இன்றும் வரிசையாக உட்கார வைத்து 30 வரை எண்ணுகிறேன். அன்றைக்கு யாரும் குதிப்பதில்லை.