முடுக்கினோமா, முடுக்க நினைத்தோமா?

எட்டு போல்ட் உள்ள ஒரு மூடி. ஐந்தாவதில் டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு இறுக்கும் கருவி) இருக்கும்போது யாரோ கூப்பிடுகிறார்கள். போய்வந்து ஏழாவதில் தொடங்கினால், ஆறாவது கையால் திருகிய அளவிலேயே நின்றுவிடும். பார்வைக்கு எட்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். குறுக்கு வரிசையில், அதாவது எதிரெதிராக மாற்றி மாற்றி, முடுக்கும் மூடி என்றால் இன்னும் மோசம். எது கடைசி என்று இடத்தை வைத்தும் சொல்ல முடியாது.

விமானப் பராமரிப்பில் இது பழைய தொல்லை. மறதி என்று சொல்லிவிடுகிறோம், ஆனால் பல நேரம் பொய் நினைவுதான் காரணம். "அடுத்தது ஆறு" என்று மனசு முன்பே நினைத்திருக்கும். செய்யப்போகிறேன் என்ற அந்த நினைப்பு, திரும்பி வரும்போது செய்துவிட்டேன் என்று மாறி நிற்கும். தினமும் செய்கிற வேலையானால் நேற்று முடுக்கிய நினைவும் கலந்துகொள்ளும். அனுபவசாலிகள் மாட்டுவது இங்கேதான்.

இதற்கு நீண்ட இடையூறு தேவையில்லை. ஆல்ட்மன், டிராஃப்டன், ஹாம்ப்ரிக் மூவரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், சராசரி 2.8 விநாடி இடையூறே வரிசைப் பிழைகளை (படியைத் தவறவிடுவது, திரும்பச் செய்வது) இரு மடங்காக்கியது, 4.4 விநாடி மும்மடங்காக்கியது.

அதனால் கூப்பிட்டதும் திரும்பாதீர்கள். கையிலிருக்கும் போல்ட்டை முடித்து, அடுத்ததைப் பார்த்து "ஆறு பாக்கி" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வந்ததும் கண்ணில் படும் பொருளோடு நினைவைக் கட்டினால்தான் அது மீளும். ரெஞ்சை அதன்மேல் வைத்துவிட்டுப் போவது போதாது, யாராவது எடுத்துக்கொள்வார்கள், டேக் கட்டுங்கள். முடுக்கியதற்கு அடையாளமான பெயின்ட் கோட்டை ஒவ்வொரு போல்ட்டுக்கும் உடனுக்குடன் போடுங்கள். எல்லாவற்றையும் முடித்துவிட்டு மொத்தமாகப் போடுகிற பழக்கம் உண்டு, அந்தக் கோட்டால் ஒரு பயனும் இல்லை. திரும்பி வந்தால் மூன்று படி பின்னால் போய்த் தொடங்குவது இத்துறையின் பழைய விதி. கடைசி இரண்டு படிகளின் நினைவைத்தான் நம்ப முடியாது.

ஷிப்ட் மாறினால் இவை மட்டும் போதாது. 1991 செப்டம்பர் 11 அன்று டெக்ஸாஸின் ஈகிள் லேக் அருகே கான்டினென்டல் எக்ஸ்பிரஸ் 2574 விமானம் விழுந்து 14 பேர் இறந்தார்கள். வால்பகுதியின் கிடைமட்ட இறக்கையில், இடப்பக்க முன்விளிம்பின் மேலிருந்த 47 ஸ்க்ரூக்களை முந்தைய ஷிப்ட் கழற்றியிருந்தது. அடுத்த ஷிப்டுக்கு அது தெரியாது, அவற்றைத் திரும்பப் போடாமலே விமானம் பறந்தது. கழற்றியது எத்தனை, எந்தப் பக்கம், எந்தப் படியில் நிற்கிறது என மூன்றையும் வேலை அட்டையில் எழுதிய பிறகே கையைத் துடைக்க வேண்டும்.