தாயத்தும் தவணையும்

தங்கையின் பிரசவ வார்டுக்கு வெளியே மாப்பிள்ளை ஒரு விளம்பரத் தாளை மடிப்பதும் விரிப்பதுமாக நின்றிருந்தார். பின்னாளில் குழந்தைக்கே நோய் வந்தால் உதவுமென்று தொப்புள்கொடி இரத்தத்தைச் சேமித்துவைக்க மாதத் தவணையாம்.

சிரிக்கும் குழந்தையின் படத்துக்குக் கீழே, எறும்பு ஊர்ந்ததுபோல் நிபந்தனைகள்.

1988இல் பாரிசில் மருத்துவர் எலியான் குளூக்மன் குழுவினர் ஃபான்கோனி இரத்தசோகை என்ற மரபணு நோய் கொண்ட சிறுவனுக்குச் செலுத்தியது அவனுடையதை அன்று, பிறந்த தங்கையின் தொப்புள்கொடி இரத்தத்தை.

தலசீமியா போன்ற மரபணு நோயுள்ள பிள்ளையின் சொந்தத் தொப்புள்கொடி இரத்தத்தில் உள்ள ஸ்டெம் செல்களிலும் (புது இரத்த அணுக்களை உருவாக்கும் மூலச் செல்கள்) அதே கோளாறு இருக்கும் என்பதால் அவற்றை அப்படியே திருப்பிச் செலுத்துவதில் பயனில்லை. தன் பிற்காலப் பயன்பாட்டுக்கென்று சேமிப்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் பரிந்துரைப்பதில்லை. வீட்டில் மூத்த பிள்ளைக்கு அந்நோய் இருந்தால் கணக்கு வேறு.

அம்மாவோ, உலர்ந்து விழப்போகும் கொடியை அடைக்க வெள்ளித் தாயத்துக்கு ஏற்கெனவே சொல்லிவைத்துவிட்டார்.