தென்னை வளராத ஊரில் ஓவிய வகுப்பு

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து தூறல் விடவில்லை. கோத்தகிரிப் பக்கம் ஜூலை என்றால் இப்படித்தான். மூன்று மணிக்கே வகுப்பில் லைட் போட வேண்டியிருந்தது. கடைசி பீரியட் ஓவியம். நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே அறையில். பிடித்ததை வரையுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

வந்த தாள்களில் முக்கால்வாசி ஒரே படம். முக்கோணமாக இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், அங்கிருந்து வளைந்து வரும் ஆறு, ஓரத்தில் ஒரு வீடு, பக்கத்தில் தென்னை மரம். தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன யாருக்கும் இந்தப் படத்தை விளக்க வேண்டியதில்லை. ஆனால் இவர்கள் மலையிலேயே பிறந்த பிள்ளைகள். இந்தக் குளிரில் தென்னை வளராது. ஜன்னலைத் திறந்தால் தேயிலைச் சரிவு, நடுநடுவே சில்வர் ஓக், மேலே சோலைக்காடு. அதில் எதுவும் தாளுக்கு வரவில்லை.

ஒருவன் மட்டும் வேறு மாதிரி. எஸ்டேட் வேலைக்கு ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பம். பையன் இந்த ஜூனில்தான் சேர்ந்தான், தமிழ் இன்னும் சரியாக வரவில்லை. பறித்த தேயிலைக் கொழுந்தை எடை போடும் இடத்தை வரைந்திருந்தான். தொங்கும் தராசு, வரிசையாக மூட்டைகள், தலையில் பிளாஸ்டிக் ஷீட் போட்ட பெண்கள், ஒருத்தி கையில் கொழுந்து வெட்டும் கத்தரி. பெண்களுக்கு முகமே போடவில்லை. தராசின் முள்ளை மட்டும் பென்சிலால் தாள் கிழியும் அளவுக்கு அழுத்தியிருக்கிறான். வீட்டுக் கூலி அந்த முள்ளில்தான் நிற்கிறது என்று அவனுக்குத் தெரியும்.

மற்றவர்களுக்குத் திறமை குறைவு என்று நான் நினைக்கவில்லை. ‘இயற்கைக் காட்சி’ என்றால் இதுதான் என்று யாரோ போர்டில் வரைந்து காட்டிவிட்டார்கள். அவனுக்கு அதை யாரும் காட்டவில்லை.

ஜூலை 10, வியாழன்

ஆசிரியர்கள் வாட்ஸாப் குழுவில் கல்வியாளர் கென் ராபின்சன் 2006இல் டெட் (TED) மாநாட்டில் பேசிய பேச்சு மறுபடியும் சுற்றுகிறது. பள்ளிகள் படைப்பாற்றலைக் கொல்கின்றனவா என்பதுதான் அதன் கேள்வி. கணக்கு டீச்சருக்குக் கோபம். “வாய்ப்பாடு மனப்பாடம் பண்ண வைக்கிறதும் கொலையா?” என்றார். நியாயமான கேள்விதான்.

எனக்கு அந்தப் பேச்சை விட, 1973இல் வெளியான ஓர் ஆய்வுதான் அதிகம் உதவுகிறது. லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் செய்தது. மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள். ஸ்கெட்ச் பேனாவால் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ளவர்கள். ஒரு குழுவிடம், வரைந்தால் ரிப்பன் வைத்த சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றுமில்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து அதே பேனாக்களை வகுப்பில் சும்மா வைத்தபோது, சான்றிதழுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்களைப் போலப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு வாங்கியவர்களுக்கு ஆசை குறையவில்லை. கெடுத்தது பரிசு அல்ல, பரிசுக்காக என்று முதலிலேயே சொன்னதுதான்.

அதனால் அரசுப் பள்ளிகளுக்கு நடத்தும் கலைத் திருவிழாப் போட்டிகள் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 2022இல் அது தொடங்கிய பிறகுதான் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பலருக்கு மேடை என்று ஒன்று கிடைத்தது. அது வருடத்தில் சில நாள். மற்ற நாளெல்லாம் ஸ்டாருக்கும் வெரிகுட்டுக்கும் ஏன் வரைய வேண்டும்?

ஜூலை 12, சனி

ஊட்டிப் பக்கம் ஒரு மந்துக்கு, அதாவது தோடர் பழங்குடியினரின் குடியிருப்புக்குப் போயிருந்தேன். தெரிந்த அக்கா ஒருவர் அங்கே பூத்துக்குளி என்கிற தோடர் சால்வையில் பூவேலை செய்கிறார். அரை மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். வெள்ளைத் துணி, சிவப்பு நூல், கறுப்பு நூல். துணியில் பென்சில் கோடு கிடையாது, மாதிரித் தாள் கிடையாது. நெசவின் இழைகளை விரல் நகத்தால் எண்ணிக்கொண்டே ஊசி போகிறது. ஓரிடத்தில் ஓர் இழை தவறிவிட்டது. ஒரு வரிசை முழுக்கப் பிரித்தார், முகத்தில் சலிப்பே இல்லை. தைத்த பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். அடிப்பக்கம்தான் பூ மேலெழும்பித் தெரிகிற பக்கம்.

2013இல் புவிசார் குறியீடு வாங்கிய கலை இது. இவ்வளவு கட்டுப்பாடுள்ள கைவேலையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆனாலும் அடுத்து என்ன பூ, எங்கே கறுப்பு என்பது அவர் முடிவு. அம்மாவிடம் கற்றுக்கொண்டாராம். “மார்க் யாரு போட்டா?” என்று சிரித்தார்.

கணக்கு டீச்சருக்கான பதில் எனக்கு அங்கே கிடைத்தது. பயிற்சி யாரையும் முடக்குவதில்லை. வாய்ப்பாடு தாராளமாக இருக்கட்டும்.

ஜூலை 16, புதன்

மழைக்காலம் பற்றிக் கட்டுரை. பாதிப் பேர் நோட்ஸில் உள்ளபடி, “மழை பெய்தால் உழவர்கள் மகிழ்வர், குளங்கள் நிரம்பும்” என்று எழுதினார்கள். ஒரு பெண், “மரம் விழுந்தால் பஸ் வராது. அப்பா நடந்து வருவார். அம்மா டார்ச்சை எடுத்துக்கொண்டு வளைவு வரைக்கும் போவாள், நான் தம்பியைப் பிடித்துக்கொள்வேன்” என்று எழுதியிருந்தாள். எழுத்துப்பிழை நிறைய. இரண்டு விதத்துக்கும் ஒரே மதிப்பெண் போட்டேன்.

சாயங்காலம் ஒரு அம்மா வந்துவிட்டார். “என் பொண்ணு அடிச்சுத் திருத்தாம அழகா எழுதியிருக்கா. அந்தப் பாப்பா கிறுக்கியிருக்கு. ரெண்டுக்கும் ஒரே மார்க்கா டீச்சர்?” கொழுந்து பறித்துவிட்டு நேராக வந்திருக்கிறார், கை கறுத்திருந்தது. பத்தாம் வகுப்பில் இந்த மாதிரி எழுதினால் மார்க் வருமா என்பதுதான் அவர் பயம். அதை அலட்சியமாகத் தள்ள எனக்கு மனசு வரவில்லை. படித்தால்தான் பிள்ளை தோட்டத்தை விட்டு வெளியே போக முடியும் என்பது அவர் கணக்கு. பிழையைத் திருத்துவேன், கையெழுத்தையும் பார்ப்பேன், ஆனால் சொந்தமாக எழுதுவதற்கும் மதிப்பெண் உண்டு என்று சொன்னேன். முழுச் சமாதானம் இல்லாமல்தான் போனார்.

ஜூலை 18, வெள்ளி

எங்கள் வகுப்பில் சுவரின் அடிப்பகுதி முழுக்கச் சின்னச் சின்னக் கரும்பலகைகள் உண்டு. பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாங்களே செய்து படிக்கும் செயல்வழிக் கற்றல் முறை 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007 வாக்கில் மாநிலம் முழுக்க வந்தபோது அடித்தவை. பாய், படிநிலை அட்டைகள், தரையில் உட்கார்ந்த பிள்ளையின் கை எட்டும் உயரத்தில் அவரவருக்கு ஒரு பலகை. பள்ளிக்கூடம் என்பதே எதிரி என்று பேசுகிறவர்கள் அந்தப் பலகையின் உயரத்தை ஒரு முறை பார்க்க வேண்டும். குழந்தையை மனதில் வைத்து யாரோ யோசித்திருக்கிறார்கள்.

பெயின்ட் உரிந்து கிடந்ததை இன்று மறுபடி அடித்தோம். விதி ஒன்றுதான்: அதில் வரைவதற்கு மார்க் இல்லை, ஸ்டார் இல்லை, சாயங்காலம் அவரவரே அழிக்க வேண்டும்.

ஜூலை 25, வெள்ளி

தென்னை மரம் இரண்டு நாள் வந்தது, அப்புறம் குறைந்துவிட்டது. சத்துணவுக்கூடக் கதவை உடைத்து எண்ணெய் குடித்துப் போன கரடிதான் இப்போது எல்லாப் பலகையிலும். கதவு வழியாக வந்ததா, பின் ஜன்னல் வழியாகவா என்று ஒரு பெரிய சண்டை. ஜார்க்கண்ட் பையன் எதுவும் பேசாமல் போய்க் கரடியின் கால்தடத்தை ஜன்னலிலிருந்து அடுப்பு வரை வரைந்து காட்டினான். சண்டை முடிந்தது. கணக்கு டீச்சர் இரண்டு பலகையில் கட்டம் போட்டுத் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார். எண்ணி எண்ணிப் பூ போடுவதற்கு.

ஆய்வுக்கு அதிகாரி வந்தால் சுவர் கிறுக்கலாகத் தெரியுமே என்று ஹெச்.எம். தயங்குகிறார். வரட்டும், நானே விளக்கிச் சொல்கிறேன் என்றேன்.

திங்கட்கிழமை கரடிக் கதையைக் கட்டுரையாக எழுதப் போகிறார்கள். “முதல்ல நீங்க ஒண்ணு எழுதிப் போடுங்க டீச்சர், பார்த்து எழுதறோம்” என்று இரண்டு பேர் கேட்டார்கள். போடப் போவதில்லை.