கும்பகோணம் புறநகரில் பள்ளிக்கூடத்துக்கு இடம் பிடித்த விதம்

கும்பகோணத்தைச் சுற்றி நகர்கள் முளைக்கும் வேகம் இந்தப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும். வயலில் ஒருநாள் மனைக்கல் நடுவார்கள், கொஞ்ச காலத்தில் வீடுகள் எழும்பிவிடும். வீடு வந்தால் பிள்ளைகளும் வருவார்கள். எங்கள் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் சேர்க்கை கூடிக்கொண்டே போய், ஒரே அறையில் இரண்டு வகுப்பு, மிச்சம் வராண்டாவில் என்று ஆகிவிட்டது. பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியாக இருந்ததால் புதுக் கட்டடத்துக்கு அலையும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வேறு ஊரில் இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பழைய இடத்திலேயே மாடி எடுத்தால் என்ன என்று முதலில் கேட்டார்கள். தாய்மார்கள் ஒருவர்கூட ஒத்துக்கொள்ளவில்லை. 2004 ஜூலை 16 அன்று இதே கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத் தீயில் 94 பிள்ளைகளைப் பறிகொடுத்தோம். நெருக்கடியான கட்டடம், குறுகலான ஒரே படி என்று கேட்டாலே இங்கே வயிறு கலங்கும். இன்னொரு காரணமும் இருந்தது. சுற்றிலும் வந்த நகர்கள் எல்லாம் மண் அடித்து மேடாகிவிட்டன. வடிகால் பாதி தூர்ந்துபோனது. ஐப்பசி, கார்த்திகையில் அத்தனை தண்ணீரும் பள்ளி வாசலில்தான் நிற்கும்.

நிதிக்கு வழி இல்லாமல் இல்லை. 2022-இல் அறிவித்த பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் இருக்கிறது. ஊர் மக்கள் பங்குத்தொகை போட்டால் நமக்கு நாமே திட்டமும் உண்டு. ஆனால் எந்த அலுவலகத்தில் போய் நின்றாலும் முதல் கேள்வி, "இடம் எங்கம்மா இருக்கு, சர்வே நம்பர் என்ன?" 'தகுந்த இடம் தேர்வு செய்து தருமாறு வேண்டுகிறோம்' என்று எழுதிய மனு மேசை மேசையாக இறங்கிக் கடைசியில் கிராம நிர்வாக அலுவலரிடம் வந்து படுத்துக்கொள்ளும். அவருக்கு அது நூறு வேலைகளில் ஒன்று. அதனால் சர்வே நம்பரை நாமே கண்டுபிடிப்பது என்று முடிவெடுத்தோம். எந்த சர்வே நம்பர் என்ன வகை நிலம் என்று சொல்லும் அ-பதிவேட்டின் விவரம், நிலத்தின் அளவு வரைபடமான புலப்படம் இரண்டையும் வருவாய்த் துறையின் இணையதளத்தில் பார்க்கலாம். ஒரு நம்பர் புறம்போக்கா, அதாவது அரசு நிலமா இல்லையா என்றும் சரிபார்க்கலாம். ஊரின் முழு அ-பதிவேட்டை வி.ஏ.ஓ. சாரிடம் கேட்டு உட்கார்ந்து பார்த்தோம். பதிவேட்டை வாசிக்கத் தெரிந்த, ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவர் கூட இருந்தது பெரிய பலம்.

எல்லோர் கண்ணிலும் முதலில் பட்டது குட்டையை ஒட்டிய காலி இடம். முள்ளு மண்டிக் கிடந்தது, யாருக்கும் பயனில்லை என்றார்கள். பதிவேட்டில் அது நீர்நிலை. நீர்நிலைப் புறம்போக்கில் பள்ளியே ஆனாலும் கட்டக் கூடாது, நீதிமன்றத் தீர்ப்புகள் வரிசையாக இருக்கின்றன. எனக்கு அதில் வருத்தம் கிடையாது. டெல்டாவில் குட்டையைத் தூர்த்து வகுப்பறை கட்டினால் அந்தத் தண்ணீர் வேறு எங்கே போகும்?

அடுத்து நகர்களின் பூங்கா இடம். மனைப்பிரிவு அங்கீகாரத்தின்போது திறந்தவெளிக்காக ஒதுக்கும் 10 சதவீதம் பூங்காவுக்கும் விளையாட்டுக்கும் மட்டும்தான். அதில் கட்டடம் எழுப்ப முடியாது. 10,000 சதுர மீட்டருக்குக் குறைவான மனைப்பிரிவென்றால் நிலத்துக்குப் பதில் பணமாகக் கட்டிவிட்டுப் போகலாம். எங்கள் பகுதியில் எல்லாம் சின்னச் சின்ன மனைப்பிரிவுகள்தான். ஒன்றை ஒட்டி ஒன்றாக ஒரு பெரிய ஊரே உருவாகிவிட்டது, பொது இடம் என்று ஒரு குழிகூட மிஞ்சவில்லை. வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளி வேண்டும் என்கிறது கல்வி உரிமைச் சட்டத்துக்கான நம் மாநில விதி. மனை போடும்போதே அந்தப் பள்ளிக்கு இடம் விட வைத்திருக்க வேண்டும். எல்லா மனையும் விற்ற பிறகு தேடுவது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

கோயில் நிலமும் பக்கத்திலேயே இருந்தது. ஐந்து ஆண்டுக்கு மேல் குத்தகை என்றால் அறநிலையத் துறை ஆணையரின் அனுமதி வேண்டும். அதையும் முயன்று பார்த்திருப்போம். ஆனால் வரப்பில் நின்று பேசியபோது அதில் உழுதுகொண்டிருந்த பெரியவர், "புள்ளைங்க படிக்கட்டும் தாயி, நான் வேணாங்கல. குறுவை நட்டிருக்கேன், எங்கப்பா காலத்துலேருந்து இதுலதான் சோறு" என்றார். நாற்றுக் கட்டு ஒன்று இன்னும் பிரிக்காமல் காலடியில் கிடந்தது. அந்த நிலத்தைக் கேட்பதில்லை என்று அங்கேயே பேசி முடித்துவிட்டோம்.

கடைசியில் இடத்தைச் சொன்னது சத்துணவுக்கூடத்தில் உதவியாக இருந்த ஒரு பாட்டி. "களத்துமேட்டைப் பாருங்கம்மா. எந்த மழைக்கும் அங்க தண்ணி நின்னு நான் பாத்ததில்ல." பழைய போரடிக்கும் களம். பதிவேட்டிலும் களம் புறம்போக்கு என்றே இருந்தது. நம் முன்னோர் நெல் நனையாத மேட்டைப் பார்த்துத்தான் களம் ஒதுக்கியிருக்கிறார்கள். அடைமழையில் குடை பிடித்துக்கொண்டு போய் நின்று பார்த்தோம். சுற்றி முழங்கால் தண்ணீர், களத்தில் ஈரம் மட்டும். இடம் பார்க்கிறவர்கள் தயவுசெய்து மழைக்காலத்தில் போய்ப் பாருங்கள், கோடையில் எல்லா நிலமும் நல்ல நிலமாகத்தான் தெரியும்.

விவசாயிகள் ஆட்சேபித்தார்கள், அதில் நியாயமும் இருந்தது. அறுவடை மிஷின் வந்து போரடிப்பது நின்றுவிட்டது, ஆனால் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் அதிகம் என்று திருப்பினால் நெல்லைக் காயவைக்க அந்தக் களம்தான் கதி. பேசிப் பேசி, சாலைப் பக்கப் பாதி களமாகவே இருக்கும், உள்பக்கப் பாதி பள்ளிக்கு என்று கிராம சபையில் எழுதி வைத்தோம். களம் ஊராட்சியின் பொறுப்பில் வருவதால் அந்தத் தீர்மானம் இல்லாமல் ஒரு கோப்பும் நகராது.

அப்புறம் களத்தின் அந்தப் பாதியைப் பள்ளிக்கு மாற்றித் தரும் நில மாற்றக் கோப்பு. ஆட்சேபணை கேட்டு அறிவிப்பு, சர்வேயர் உட்பிரிவு அளவு, வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர், கோட்டாட்சியர் என்று ஏறி ஆட்சியர் வரை போக வேண்டும். ஓர் அலுவலகத்தில் புலப்பட நகல் இல்லை என்று கோப்பு கிடப்பில் போய்விட்டது. அதன் பிறகு எல்லாவற்றிலும் கூடுதல் நகல் எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டேன். கோப்பு எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மனு கொடுத்த தேதியைச் சொல்வதைவிட எண்ணைச் சொன்னால் உடனே தேடி எடுக்கிறார்கள்.

நில மாற்ற உத்தரவு வந்துவிட்டது, மண் பரிசோதனையும் முடிந்தது. களிமண் வெயிலில் வெடித்து மழையில் உப்பும் என்பதால் அஸ்திவாரத்தை ஆழமாகப் போடச் சொல்லியிருக்கிறார் பொறியாளர். பிள்ளைகள் உள்ளே போக வடிகால் வாய்க்காலைக் கடக்க வேண்டும். அதற்கு நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று பாக்கி. குழாய் பதித்து மூடாமல் பாலமாகவே போட வேண்டும் என்று மனுவில் கேட்டிருக்கிறோம். குழாய் என்றால் முதல் மழைக்கே ஆகாயத்தாமரை வந்து அடைத்துக்கொள்ளும்.