தா-பாக் இலையும் பட்டில் மடித்த மாத்திரையும்

நான் பிசியோதெரபிஸ்ட். எலும்பு முறிவு என்றால் முதலில் எக்ஸ்ரே, அப்புறம்தான் பேச்சு. தர்மசாலாவில் திபெத்திய வைத்தியர்களிடம் பேசப் போனபோதும் அந்தப் பிடிவாதம் கூடவே வந்தது. அதைக் கொஞ்சம் அசைத்தது ஒரு செடி.

பெயர் தா-பாக். தாவரவியலில் லாமியோஃப்ளோமிஸ் ரொட்டேட்டா. காற்று அறையும் திபெத்தியப் பீடபூமியில், தடித்துச் சுருக்கம் விழுந்த இலைகளைத் தரையோடு தரையாகப் பரப்பிக்கொண்டு கிடக்கும். தலை தூக்கினால் பிழைக்காது போல. அடிபட்ட வீக்கம், எலும்பு முறிவு, மூட்டுவலி எல்லாவற்றுக்கும் இதுதான் பழைய கை மருந்து. இன்று சீனாவின் அரசு மருந்து நூலிலும் இது இருக்கிறது. வேரோடு பிடுங்கிப் பிடுங்கியே காட்டில் அருகிவிட்டது என்பதுதான் வயிற்றெரிச்சல்.

இன்னொரு பழைய மருந்து பிராக்-ஷுன்; பாறையிலிருந்து கசியும் கருப்புப் பிசின். நம் சித்த வைத்தியர்களைக் கேட்டால் கன்மதம் என்பார்கள். பக்குவம் செய்த கால்சைட் என்ற சுண்ணக் கல்லும் மருந்துப் பெட்டியில் உண்டு, ஆனால் அது பெரும்பாலும் வயிற்றுக்கு. அடிபட்டது கால், மருந்து வயிற்றுக்கா என்று கேட்டேன். அவர்கள் கணக்கில் அன்னசாரம் ரத்தமாகி, சதையாகி, கொழுப்பாகி, அதற்கப்புறம்தான் எலும்பாகிறது. செரிக்காதவனுக்கு எலும்பு எங்கே கூடும்? பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மாவுக்கட்டு பிரித்தபின் விறைத்துப்போகும் மூட்டுகளுக்கு 'லும்' என்ற மூலிகைக் குளியல். ஜூனிப்பர், ரோடோடென்ட்ரான், எஃபெட்ரா, மாசிப்பச்சை இனம், மிரிக்காரியா என ஐந்தும் கொதித்த நீர். 2018இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறியது இந்தக் குளியல்தான். வெந்நீரில் மூட்டு இளகுவதை நானும் தினமும் பார்க்கிறேன், எனவே இதில் எனக்குச் சண்டை இல்லை. காய்ச்சலோ புது வீக்கமோ இருந்தால் மட்டும் வேண்டாம்.

சண்டை 'ரின்சென்' எனும் விலையுயர்ந்த சரக்கு மாத்திரைகளோடுதான். பாரம்பரியமாக வண்ணப் பட்டில் மடித்து, நூல் கட்டி, அரக்கு வைத்திருப்பார்கள். பிரிக்கும்போதே பயபக்தி வந்துவிடும். அவற்றில் ஒன்றான ரத்னா சம்பெலில் எழுபது சரக்குகள். சிலவற்றில் சோதெல், அதாவது சுத்தி செய்த பாதரசம் சேரும். சுத்தி எத்தனை நுணுக்கமாக நடந்தாலும், கர்ப்பிணிக்கும் சிறுநீரகம் பழுதானவருக்கும் நான் வேண்டாம் என்றே சொல்வேன். மற்றவர்கள் கேட்டால், மாத்திரையின் பெயரை எழுதிக்கொண்டு போய் உங்கள் எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள் என்பேன். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் கண்டிப்பாக.