தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற மரம்

மார்ச் 3

என் பைத்தான் ஸ்கிரிப்ட் இன்றும் பாதியில் நின்றுவிட்டது. பிழை எந்த வரியில் என்று காட்டும் ட்ரேஸ்பேக் இல்லை, டெர்மினலில் 'கில்டு' என்ற ஒரு சொல் மட்டும். நிரல் எப்படி முடிந்தது என்று சொல்லும் எக்ஸிட் கோடு 137, அதாவது 128 + 9; அந்த 9 கொன்ற சிக்னலின் எண். ஒன்பதாம் எண் சிக்னல் வந்தால் ப்ராசஸால் எதுவும் செய்ய முடியாது, கடைசியாக ஒரு வரி எழுதிவிட்டுப் போகக்கூட நேரம் கிடைக்காது. லினக்ஸின் மையமான கெர்னலின் லாகைத் திறந்தால் விஷயம் தெரிந்தது: மெமரி தீர்ந்துபோய் லினக்ஸே இதைக் கொன்றிருக்கிறது.

இத்தனைக்கும் வேலை சின்னது. சேமித்து வைத்த ஹெச்டிஎம்எல் பக்கங்களை ஒவ்வொன்றாகப் படித்து, பியூட்டிஃபுல் சூப் என்ற பைத்தான் நூலகத்தால் மரம் போன்ற அமைப்பாகப் பிரித்து, தலைப்பையும் தேதியையும் ஒரு லிஸ்டில் போட வேண்டும். கடைசியில் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பு). ஒரு பக்கத்துக்கு இரண்டு சின்ன ஸ்ட்ரிங் (எழுத்துச் சரம்). இதற்கா இவ்வளவு மெமரி?

மார்ச் 4

ஏதோ ஒரு ராட்சதப் பக்கம்தான் காரணமாக இருக்கும் என்ற சந்தேகம் முதலில் வந்தது. ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் கோப்பின் பெயரையும் மெமரி அளவையும் அச்சிட வைத்தேன். இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். பைத்தானின் ரிசோர்ஸ் மாட்யூல் தரும் மேக்ஸ்-ஆர்எஸ்எஸ் என்பது உச்ச அளவு, அது ஒருபோதும் இறங்காது. அதைப் பார்த்து 'லீக்' (விடுவிக்கப்படாமல் தேங்கும் மெமரி) என்று முடிவு கட்டக் கூடாது. லினக்ஸின் ப்ராக் கோப்பகத்தில் கிடைக்கும் விஎம்-ஆர்எஸ்எஸ்தான் இந்த நொடியின் அளவு.

அதுவும் ஏறிக்கொண்டே போகிறது. சின்னப் பக்கமோ பெரிய பக்கமோ, ஏறியது இறங்கவில்லை. ஆக, ராட்சதப் பக்கம் குற்றவாளி இல்லை.

மார்ச் 5

லூப்பின் முடிவில் 'டெல் சூப்' (சூப் என்பது ஒரு பக்கத்தின் மரம்), அப்புறம் தேவையற்ற பொருள்களை அகற்றும் ஜிசி கலெக்ட். பலன் பூஜ்யம். யோசித்தால் அப்படித்தான் இருக்க வேண்டும். டெல் அழிப்பது பெயரைத்தான், பொருளை அல்ல. யாரும் பிடித்துக்கொண்டிராததை மட்டுமே ஜிசி அள்ளும். யாரோ பிடித்திருக்கிறார்கள்.

மார்ச் 6

இன்று பிடிபட்டது!

பைத்தான் 3.4 முதல் கூடவே வரும், எந்த வரி எவ்வளவு மெமரி எடுத்தது என்று காட்டும் ட்ரேஸ்மலாக்கை இயக்கி, இடைவெளி விட்டு இரண்டு ஸ்னாப்ஷாட் எடுத்து ஒப்பிட்டேன். மேலே நின்ற வரிகள் எல்லாம் பியூட்டிஃபுல் சூப்பின் டேக்குகளை, அதாவது மரத்தின் கிளைகளை, உருவாக்கும் இடம். ஜிசி வைத்திருக்கும் பொருள்களை வகைவாரியாக எண்ணினால், எத்தனை பக்கம் படித்ததோ அத்தனை சூப்பும் உயிரோடு இருக்கிறது. ஒரு மரம்கூடப் போகவில்லை.

ஒரு பொருளை எது பிடித்திருக்கிறது என்று சொல்லும் கெட்-ரெஃபரர்ஸைப் பிடித்துப் பின்னோக்கிப் போனேன். சூப்பை டேக் பிடித்திருக்கிறது, டேக்கை ஒரு ஸ்ட்ரிங், அந்த ஸ்ட்ரிங்கை என் லிஸ்ட். தலைப்பின் டைப்பை அச்சிட்டால் வருவது சாதாரண ஸ்ட்ரிங் இல்லை, நேவிகபிள்ஸ்ட்ரிங். ஸ்ட்ரிங்கிலிருந்து பிறந்தது என்பதால் அச்சில் எந்த வித்தியாசமும் தெரியாது. ஆனால் அதற்கு 'பேரன்ட்' (தன்னைத் தாங்கும் டேக்) உண்டு. அதைப் பிடித்து மேலே போனால் வேர், வேரிலிருந்து இறங்கினால் முழுப் பக்கம். நாலு சொல் தலைப்பு ஒரு மொத்த மரத்தையும் போகவிடாமல் நிறுத்தி வைத்திருக்கிறது.

தேதி மட்டும் நிரபராதி. அதை கெட்-டெக்ஸ்ட் மூலம் எடுத்திருந்ததால் வெறும் ஸ்ட்ரிங்காகவே வந்தது.

மாற்ற வேண்டியது ஒரே இடம்: தலைப்பை, சாதாரண ஸ்ட்ரிங்காக மாற்றும் 'எஸ்டிஆர்' வழியே அனுப்பிவிட்டு லிஸ்டில் சேர்ப்பது. பியூட்டிஃபுல் சூப்பின் ஆவணத்திலேயே இந்த அறிவுரை இருக்கிறது.

மார்ச் 7

விஎம்-ஆர்எஸ்எஸ் கொஞ்சம் ஏறி, அப்புறம் சமமாக ஓடுகிறது. தொடங்கிய அளவுக்கு அது திரும்பவில்லை, அதில் பயப்பட ஒன்றுமில்லை. விடுவித்த இடத்தை எல்லாம் பைத்தான் உடனே இயங்குதளத்திடம் கொடுத்துவிடாது, அடுத்த பக்கத்துக்கு வைத்துக்கொள்ளும்.

பக்கத்தைப் பிரிக்கும் பார்சரான எல்எக்ஸ்எம்எல்லை நேரடியாகப் பயன்படுத்துபவர்களுக்கும் இதே பொறி உண்டு. மரத்தில் தேடும் எக்ஸ்பாத் தரும் ஸ்ட்ரிங்கும் தன் பெற்றோரைப் பிடித்திருக்கும், ஸ்மார்ட்-ஸ்ட்ரிங்ஸை ஃபால்ஸ் ஆக்கினால் விட்டுவிடும். அங்கே ட்ரேஸ்மலாக்கை நம்ப முடியாது, ஏனென்றால் மரம் சி மொழியில் எழுதிய லிப்எக்ஸ்எம்எல்2-இன் மெமரியில் வளர்கிறது, பைத்தானின் கணக்கில் வராது.

மார்ச் 9

ஒன்றிரண்டு பெரிய பக்கங்களில் மட்டும் அளவு குபுக்கென்று எகிறி நிற்கிறது. பியூட்டிஃபுல் சூப்பின் பார்ஸ்-ஒன்லியில் சூப்ஸ்ட்ரெய்னர் என்ற வடிகட்டியைக் கொடுத்து, தலைப்பும் தேதியும் உள்ள டேக்குகளை மட்டும் மரமாக்கச் சொன்னேன். ஹெச்டிஎம்எல்5லிப் பார்சர் இதை ஏற்காது, இங்கே ஓடுவது எல்எக்ஸ்எம்எல் என்பதால் சிக்கல் இல்லை. லிஸ்டையும் எடுத்துவிட்டேன், ஒவ்வொரு வரியும் கிடைத்தவுடன் சிஎஸ்வியில் எழுதப்படுகிறது. மொத்தத் தொகுப்பும் கடைசிக் கோப்பு வரை ஓடி முடிந்தது, எக்ஸிட் கோடு 0, அதாவது பிழையில்லை.