எதிர்வீட்டு நோன்பு

காட்கோபர், மும்பை

2024 செப்டம்பர் 1, ஞாயிறு

நேற்று சமணர்களின் எட்டு நாள் நோன்புக் காலமான பர்யூஷண் தொடங்கிவிட்டது. எதிர்வீட்டு குஜராத்தி அக்கா இந்த ஆண்டு அட்டாய் என்ற எட்டு நாள் விரதம் இருக்கிறார். எட்டு நாளும் உணவு கிடையாது. காய்ச்சி ஆறிய நீர் மட்டும், அதுவும் பொழுது சாய்வதற்குள். மாமியாருக்கு ரொட்டி தேய்த்துக்கொண்டே என்னிடம் பேசினார்.

"பசிக்கவில்லையா அக்கா?"

"பசிக்கிறது. பசிக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்."

செப்டம்பர் 4, புதன்

இந்தத் தவம் நமக்கும் பழையதுதான். செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி என்ற சமண ஆசிரியருக்குக் கல்வெட்டு இருக்கிறது. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்ததை நாம் பள்ளியிலேயே படித்தோம். உண்ணாமல் உயிர்விடும் சமண நோன்பான சந்தாரா தற்கொலைக்குச் சமம் என்று 2015 ஆகஸ்டில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த மாத முடிவிலேயே உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. எனக்கு அங்கே எழும் கேள்வி ஒன்றுதான்: உணவு வேண்டாம் என்று சொன்னது நோன்பிருந்தவரின் வாயா, சுற்றியிருந்தவர்களின் வாயா?

செப்டம்பர் 5, வியாழன்

பாட்டியின் நினைவாகவே இருக்கிறது. இளம் வயதில் கணவரை இழந்தவர். ஒருவேளைச் சோறு, தரையில் படுக்கை, விசேஷ வீடுகளில் பின்கட்டு. "அவள் தவசி" என்று ஊரே புகழும். அவரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

புறநானூற்றில் பூதப்பாண்டியனின் மனைவி பெருங்கோப்பெண்டு கைம்மை வாழ்வைச் சொல்கிறாள்: நெய் படாத பிழிந்த சோறு, எள் அரைத்துப் புளி சேர்த்து வெந்த வேளைக்கீரை, பாயில்லாமல் பரற்கல்மேல் படுக்கை. அதைவிடக் கணவனின் ஈமத்தீயே மேல் என்று போகிறாள். பட்டியலை மட்டும் பார்த்தால் எந்த முனிவருக்கும் பொருந்தும். ஆனால் முனிவர் தானாகக் கீழே வைத்தார், இவளிடமிருந்து பிடுங்கினார்கள். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் புகழ்வதை என்னால் பொறுக்க முடியவில்லை. தன் துன்பத்தைப் பொறுப்பதும் பிற உயிருக்குத் துன்பம் செய்யாததுமே தவத்தின் வடிவம் என்கிறார் வள்ளுவர். பாட்டி முதற்பாதியைக் காலமெல்லாம் செய்தார். அவரைப் புகழ்ந்தவர்கள் இரண்டாம் பாதியை ஒருநாளும் நினைக்கவில்லை.

இல்லாதவனின் பட்டினியும் இப்படித்தான். அதைத் துறவு என்று அழகுபடுத்துவது கொடுமை.

செப்டம்பர் 8, ஞாயிறு

நேற்று சம்வத்சரி, பர்யூஷணின் கடைசி நாள், எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கும் நாள். அக்கா எங்கள் வீட்டுக்கும் வந்து, கைகூப்பி "மிச்சாமி துக்கடம்" (என் தீவினை பயனற்றுப் போகட்டும்) என்று மன்னிப்புக் கேட்டார். எட்டு நாள் பசித்தவர் என்னிடம் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்? ஆனாலும் கேட்டார், மனதாரக் கேட்டார்.

இன்று காலை பாரணை, விரதம் முடிக்கும் சடங்கு. உறவினர்கள் ஒவ்வொருவராகப் பாசிப்பயறு வடித்த நீரைக் கரண்டியால் ஊட்டினார்கள். கூட்டத்தில் ஒரு பெரியவர் அக்காவின் மகளைப் பார்த்து, "அடுத்த ஆண்டு நீ" என்றார். பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண், தலையைக் குனிந்துகொண்டாள். நீரை விழுங்கிவிட்டு அக்கா உடனே சொன்னார்: "அவளுக்குத் தோன்றினால் இருப்பாள். எனக்காகவோ உங்களுக்காகவோ வேண்டாம்."

எட்டு நாள் விரதத்தைவிட இந்தச் சொல்லுக்காகவே அவரை வணங்கத் தோன்றியது.